ஒப்பாரியும் ஆப்பிரிக்கக் கவிதையும்

ஆப்பிரிக்க நாட்டுப் புதுக்கவிதைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவை வெள்ளையராட்சியை வெறுத்துரைக்கும் முழக்கங்களென்றும் ஆங்கிலக் கவிதையின் அயல்நாட்டுக் கிளையென்றும் நம் மாணவருட் பலர் இரண்டே சொற்களில் முடித்துவிடுகின்றனர். அடிமைத்தளையும், 1957-இல் கானாவும் 1960-இல் நைஜீரியாவும் பெற்ற விடுதலையும், அதன்பின் வந்த ஏமாற்றமும் உள்நாட்டுப் போரும் அக்கவிதைகட்குப் பாடுபொருளாயின என்பது மெய்யே. ஆயினும் பொருளை மட்டும் கண்டு பாட்டின் ஆக்கத்தைக் காணாது விடுதல் தமிழ் பயில்வார்க்கு அழகன்று. அவ்வாக்கத்தை உற்று நோக்குமிடத்து, நம் வகுப்பறை வாயிலுக்கு வெளியே நெடுநாளாக நிற்கும் ஒருத்தி நினைவுக்கு வருகின்றாள். அவள் நம் ஊர்ச் சாவீட்டில் ஒப்பாரி பாடுபவள்.

கானா நாட்டுப் புலவர் கோஃபி அவூனர் (1935–2013) எவே மொழி பேசும் இனத்தவர். இவருடைய பாட்டியார் இழவுப்பாட்டுப் பாடுவதில் வல்லவர். 1964-இல் வெளிவந்த முதற் றொகுதியிலேயே இவர் அவ்விழவுப்பாட்டின் நடையை ஆங்கிலத்தில் அமைத்துக் காட்டினார். இறந்தாரை முன்னிலையாக்கி விளித்தல், முன்னரே மாய்ந்த முன்னோர்க்குச் செய்தி சொல்லியனுப்புதல், வீடும் குடியும் பாழ்பட்டமையை ஒன்றன்மேலொன்றாக அடுக்குதல், சொன்னதையே சிறிது திரித்து மீளவும் சொல்லுதல் ஆகிய இவையே அவர் கையாண்ட உத்திகள். இவற்றை நூலிற் கண்டு வியக்கும் நண்பர்காள், விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அடுத்த தெருக்களில் ஓர் இழவு நேர்ந்தால் சற்றே நின்று செவிகொடுமின்! மகளிர் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் தழுவி, மாண்டாரை அரசரென்றும் தேரென்றும் விளித்து, அவ்விளியினிடையே தம் வறுமையையும் புக்ககத்துக் கொடுமையையும் நுழைத்துப் பாடுவதைக் கேட்பீர்கள். அழுகை மாண்டவர் பொருட்டா, அழுபவள் பொருட்டா என்று பிரித்தறிதல் அரிது. இசபெல் கிளார்க் தெசே என்னும் அம்மையார் தமிழ் ஒப்பாரியை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட நூலும் இவ்வினாவையே நடுவாகக் கொண்டது.

பாரி மகளிர் பாடிய புறப்பாட்டைக் கையறுநிலையென்று துறை வகுத்து நாம் மனப்பாடம் செய்கின்றோம். ஒப்பாரியைப் புறநானூற்றின் நேர் பேர்த்தி என்று கூற யாம் துணியோம். அவள் அக்குடியில் உறவினள் என்பதில் எமக்கு ஐயமில்லை. உறவினளை உள்ளே அழையாத வீட்டிற்கு என்ன பெயர்?

அவூனர் ஒருவரே இவ்வாறு செய்தவரல்லர். சூலு மொழியிலேயே எழுதிய மசீசி குனேனே (1930–2006) தம் இனத்து அரசர் புகழ்மாலைகளைப் பெருங்காப்பியமாக விரித்தார். அவற்றின் அடைமொழி அடுக்குகள் நம் பாடாண்டிணையையும் மெய்க்கீர்த்தியையும் நினைவூட்டுவன. உகாண்டா நாட்டு ஒகோட் பிபிடெக்கின் லாவினோ பாட்டு 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுத்தறியா மனைவியொருத்தி, கற்ற செருக்கால் தன்னை இகழும் கணவனை ஏசலும் எள்ளலுமாக வழக்காடுவதே அந்நூல். கற்றவராகிய நாம் அதனைப் படிக்குங்கால் சிரிப்பு வரும். சிறிது நேரத்தில் அச்சிரிப்பு நம் மேலேயே திரும்பும்.

கிறித்தவராகிய எம்மை மிகவும் தைத்தவர் கிறிஸ்தோபர் ஒகிக்போ. நைஜீரியாவில் கத்தோலிக்கக் குடியிற் பிறந்த இவர், 1962-இல் வந்த நூலில் தம் ஊர் ஆற்றுத் தெய்வத்தின்முன் திரும்பி வந்து நிற்பவராகத் தம்மைக் காட்டினார். 1967-இல் பயாஃபிரா போர்க்களத்தில் மாண்டார். அவர் சமய முடிபை யாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் திருக்கோயிற் பாட்டின் ஓசையும் ஊர் முரசின் ஓசையும் ஒரே நெஞ்சில் மோதுவதை அவர் மறைக்கவில்லை. நம் கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் இழவு நாளன்று ஞானப்பாட்டு உள்ளே ஒலிக்கும். ஒப்பாரி தெருவில் நின்றுவிடும். குறவஞ்சியைப் பெத்லகேமுக்கு அழைத்துச் சென்ற வேதநாயக சாஸ்திரியார் பிறந்த சமுதாயத்திற்கு இத்துணைக் கூச்சம் ஏனோ!

நிற்க. ஆங்கிலத்தில் எழுதியபின் அஃது எங்ஙனம் ஆப்பிரிக்கக் கவிதையாகும் என்று வினவுவாருளர். எமதூர்ப் பட்டறைகளில் களிமண் குழம்பைச் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் உருப்பெறும். உருவம் அச்சினுடையது, சுட்டபின் தட்டினால் எழும் ஒலியோ மண்ணினுடையது. அவூனரின் ஆங்கிலமும் அத்தகையதே. எனினும் கூகி வா தியாங்கோ 1986-இல் எழுதிய மறுப்புரையைத் தள்ளிவிடவும் இயலாது: தாய்மொழியில் எழுதாவிடின், பாட்டைத் தந்த பாட்டியே அதனைப் படிக்கவியலாது போகும். ஒகோட் தம் நூலை முதலில் அச்சோலி மொழியில் இயற்றியதன் சிறப்பு இங்கே விளங்கும்.

நமக்கோ அத்தொல்லையில்லை. பாடுபவள் மொழியும் பயில்பவர் மொழியும் ஒன்றே. அப்படியிருந்தும் அவள் பாட்டு இழிசனர் வழக்கென்று ஒதுக்கப்படுகின்றது. யாப்பில் அடங்காதென்பர் சிலர். பொதுமக்கள் விரும்பும் எளிய மெட்டுக்களைக் கொண்டே பாரதியார் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார். அவர் சிந்தை இன்று யாரும் பழித்துரையார். நா. வானமாமலை 1964-இல் நாட்டுப் பாடல்களைத் தொகுத்துத் தந்தபின்னும், பாடத்தில் அவற்றிற்குக் கிடைத்த இடம் விருந்தினர் இருக்கையே. கையறுநிலையைக் கற்பிக்கும் அதே வகுப்பில், அதே நாளில், ஓர் ஒப்பாரியையும் வைத்துத் துறையும் உத்தியும் ஆராய்தல் வேண்டுமென்பது எம் கருத்து.

அதற்குப் பாட்டு வேண்டும். அகல்விளக்கும் பொம்மையும் மின்கம்பிக்குரிய பீங்கான் கட்டைகளும் செய்து முதிர்ந்த பாட்டிமார் சிலர் எமதூரில் இன்னும் நன்கு பாடுகின்றனர். அவர்தம் பேர்த்திகள் கற்றிலர். இவ்விடுமுறையில் தமிழ் மாணவர் நால்வர் சேர்ந்தாலும் போதும். இசைவு பெற்று எழுதுக. பாடினவர் விரும்பின் அவர் பெயரையும் குறிக்க. ஒன்று மட்டும் நினைவிலிருக்கட்டும்: வாழும் வீட்டினுள் ஒப்பாரி பாடுதல் ஆகாதென்பர் அவர். ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை மரத்தடிக்குத்தான் செல்லவேண்டும்.