படத்தின் எதிரே ஒரு சம்பாஷணை

லண்டன் நேஷனல் காலரியில், க்ளோட் மோனே 1870ஆம் ஆண்டுக் கோடையில் தீட்டிய 'த்ரூவில் கடற்கரை' என்ற சிறிய சித்திரம் ஒன்று இருக்கிறது. அதன் அகலம் அரை மீட்டருக்கும் குறைவு. வெள்ளுடையில் ஒரு பெண், கறுப்புடையில் மற்றொரு பெண், இருவருக்கும் குடை, நடுவே காலியாக ஒரு நாற்காலி, விஷயம் இவ்வளவுதான். அவசரமாக இழுத்த தூரிகைத் தடங்களையும், கண்ணும் மூக்கும் திருத்தமாகத் தெரியாத முகத்தையும் பார்த்துவிட்டு, இதில் என்ன விசேஷம் என்று ஒருவர் நகர்ந்துபோனால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விஷயம் அறிந்த ஒருவர் அந்த வேளையில் பக்கத்தில் வந்து நின்று, 'இந்த வர்ணத்துக்குள் கடற்கரை மணல் சிக்கியிருக்கிறது, தெரியுமா?' என்று சொல்வாரானால், காற்று வீசும் கரையிலேயே படச்சட்டத்தை நிறுத்தி, ஈரம் உலராத வர்ணத்தின்மேல் மணல் பறந்து படிவதையும் பொருட்படுத்தாமல், வெளிச்சம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று விரைந்த அந்த ஓவியரின் கை முழுவதும் பார்ப்பவருக்குப் பிரத்தியட்சமாகிவிடும்.

இதைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாமே என்பார்கள். படித்த செய்தி நினைவில் தங்கும், உண்மைதான். படத்தின் எதிரே நின்று காதால் கேட்டு, கேட்ட கணமே கண்ணைத் திருப்பிப் பார்த்த செய்தியோ, பார்வையையே வேறாக்கிவிடும். ஆகவே, காட்சிசாலைகள் தங்கள் நிபுணர்களைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கி, கட்டணம் ஏதுமின்றி, யாரும் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கலாம் என்ற சுதந்திரத்தோடு, படங்களின் அருகிலேயே ஜனங்களுடன் பேசவைக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மோனே சார்ந்த ஓவிய மரபுக்கு அத்தகைய பேச்சு அந்நியமானதன்று. 1860களின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்துப் பாத்தின்யோல் பகுதியில், கெர்புவா என்ற காப்பிக்கடையின் மேஜைகளைச் சுற்றி மானேயும் தெகாவும் மோனேயும் ரெனுவாரும், எழுத்தாளர் ஸோலாவும் கூடி வாதாடிய வாதங்களில்தான் அது முளைவிட்டது. அதன் பெயரும் ஒரு சம்பாஷணையில் பிறந்ததே. 1874 ஏப்ரலில், புகைப்படக் கலைஞர் நடார் காலி செய்திருந்த கூடத்தில் அவர்கள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தியபோது, மோனேயின் 'மனப்பதிவு, சூரியோதயம்' என்ற படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, லூயி லெருவா என்ற விமரிசகர் ஒரு பரிகாசக் கட்டுரை எழுதினார். பழைய முறையில் தேர்ந்த கற்பனை ஓவியர் ஒருவர் படம் படமாகப் பார்த்துப் பேசிக்கொண்டே போய்ச் சித்தம் கலங்குவதாக அமைந்த உரையாடல் அது. இகழ்ச்சியாகச் சூட்டிய 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதே சூரியோதயப் படத்தைப் பற்றிப் பேச வருகிறவர்களில் எத்தனையோ பேர் விலையிலும், அது 1985இல் திருடுபோய் 1990இல் மீண்ட கதையிலும் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுவையான கதைதான், ஆனால் படம் எங்கே? அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைப் பிரதியாக்கிப் பார்த்தால், செஞ்சுடராக ஜ்வலித்த சூரியன் சாம்பல் வானத்தில் ஏறக்குறைய மறைந்தே போகிறது. ஏனெனில் சூரியனும் அதைச் சூழ்ந்த வானமும் பிரகாசத்தில் கிட்டத்தட்ட ஒன்றே, நிறத்தில் மட்டுமே வேறு. அந்தச் சூரியன் துடிப்பதுபோல் நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான் என்று பார்வைப் புலனை ஆராய்ந்த மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியிருக்கிறார். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். கையில் ஒரு பிரதி இருந்தால் அதுவும் வேண்டாம்.

கேட்பவர்களின் கேள்வி பாமரத்தனமாக இருக்குமே என்று நிபுணர்கள் அஞ்ச வேண்டியதில்லை. த்ரூவில் கடற்கரையில் அந்தக் காலி நாற்காலி யாருக்கு என்று ஒரு குழந்தை கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு, நிபுணரும் அந்தக் குழந்தையோடு சேர்ந்து குனிந்து பார்க்கட்டும்.