ஊர் வீட்டுல மீன் குளம்: கட்டுறதுக்கு முன்னாடி கணக்கு போட்டுடுங்க



சென்னை, ஓசூர், திருப்பூர்னு வேலை பார்க்குற புதுக்கோட்டை மாவட்டத்துப் பசங்க பலருக்கு ஒரே மாதிரி ஒரு ஆசை இருக்கு. ஆலங்குடி பக்கமோ அறந்தாங்கி பக்கமோ இருக்குற ஊர் வீட்டுத் தோட்டத்துல ஒரு சின்ன மீன் குளம், அதுல நாலு அல்லி, பொங்கலுக்கு ஊருக்குப் போனா ஓரமா உட்கார்ந்து பார்க்கணும். இது ஒண்ணும் புது ஆசை இல்ல. நம்ம மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக்கோயில் கூரையில தாமரைக் குளமும், மீனும், அன்னமும், பூப்பறிக்கிற ஆளுமா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வரைஞ்சு வச்சிருக்காங்க.

இந்த ஆசை தப்புன்னு நான் சொல்லப் போறதில்ல. சம்பளம் வாங்குறவன் எஸ்ஐபி தவிர வேற எதையும் நினைக்கவே கூடாதுங்கிற ஃபைனான்ஸ் அட்வைஸ்ல எனக்கு உடன்பாடில்ல. என் கருத்து வேற. மீன் குளத்தை முதலீடுன்னு நினைச்சுக் கட்டினா நஷ்டம். ஆசைச் செலவுன்னு ஒத்துக்கிட்டு, திட்டம் போட்டுக் கட்டினா நல்ல செலவு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கணக்கைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

"சைடு இன்கம்" வருமா?

நேரா சொல்லிடுறேன், வராது.

6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம்னு ஒரு குளம் எடுத்துக்குவோம். கொள்ளளவு 48 கன அடி, அதாவது சுமார் 1,360 லிட்டர். மேற்பரப்பு 24 சதுர அடி, சுமார் 2.2 சதுர மீட்டர். கட்லா, ரோகு, மிர்கால் மாதிரி கெண்டை வகைகளைக் குளத்துல கூட்டா வளர்க்கும்போது, ஏக்கர் கணக்குல பண்றவங்களே ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சு வரைதான் விடுவாங்க. அதிகபட்சமா பார்த்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மீன். அப்போ உங்க குளத்துக்கு எத்தனை? ரெண்டு மீன்! ஒரு வருஷம் வளர்த்து ரெண்டு மீன் பிடிச்சா ஒரு நாள் குழம்புக்கு ஆகும். அதுக்கு மேல அதுல வருமானம் கிடையாது.

"அப்போ பயோபிளாக் பண்ணலாமே, சின்ன இடத்துலயே நிறைய மீன் விடலாமே"ன்னு கேப்பீங்க. விடலாம். ஆனா அதுக்கு 24 மணி நேரமும் தண்ணிக்குள்ள காத்து போகணும். மோட்டார் சில மணி நேரம் நின்னாலே மீன் செத்து மிதக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் கரையைக் கடந்தப்போ நம்ம மாவட்டத்துல தென்னையோட சேர்ந்து கரண்ட் கம்பமும் சாஞ்சது உங்களுக்கே தெரியும். எத்தனையோ ஊருக்குப் பல நாள் கரண்ட் வரல. ஜெனரேட்டரும் பக்கத்துலயே இருக்குற ஆளும் இல்லாம பயோபிளாக் பண்றது, இன்சூரன்ஸ் இல்லாம பைக் ஓட்டுற மாதிரிதான்.

இன்னொரு எச்சரிக்கை. "குஞ்சு நாங்க தர்றோம், வளர்த்த மீனை நாங்களே வாங்கிக்கிறோம், மாசாமாசம் இவ்வளவு தர்றோம்"னு யாராவது வந்தா அங்கேயே நிறுத்துங்க. 2012ல பெருந்துறை பக்கம் ஈமு கோழி நிறுவனங்கள் சரிஞ்ச கதையை வீட்டுல பெரியவங்ககிட்ட கேளுங்க. அங்கேயும் இதே வாக்குறுதிதான் குடுத்தாங்க. அதே மாதிரி, சீக்கிரம் வளரும்னு சொல்லி ஆப்பிரிக்கன் கெளுத்திக் குஞ்சைத் தலையில கட்டப் பார்ப்பாங்க. அந்த மீனை வளர்க்கவே நம்ம நாட்டுல தடை இருக்கு.

உண்மையிலேயே தொழிலா பண்ணணும்னா அது வேற பாதை. 2020ல தொடங்கின பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்துல வீட்டுப் புறக்கடை வண்ணமீன் வளர்ப்புக்கே தனிப் பிரிவு வச்சாங்க. அலகுச் செலவு 3 லட்சம். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். இப்போ என்ன நிலவரம், எவ்வளவு ஒதுக்கீடுன்னு மாவட்ட மீன்வளத்துறை ஆபீஸ்ல நேர்ல கேட்டுக்குங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. மானியம் பொதுவா வேலை முடிஞ்சு, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் கைக்கு வரும். முதல்ல போடுற காசு உங்களோடது.

மூணு டப்பா கணக்கு

ஆசைக்காகத்தான் கட்டுறோம்னு முடிவாகிட்டா, செலவை மூணு டப்பாவாப் பிரிங்க.

முதல் டப்பா, கட்டுற செலவு. குழி வெட்டுற கூலி, விரிப்பு, ஓரக்கல், வலை, செடி, மீன். நம்ம ஊர்ல பல இடத்துல செம்மண்ணும் சரளையும்தான், வெறும் குழியில தண்ணி நிக்காது. விரிப்பு போட்டே ஆகணும். விரிப்பு அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு: நீளத்தோட ரெண்டு மடங்கு ஆழம், அதோட ஓரத்துக்கு 2 அடி. அகலத்துக்கும் இதேதான். நம்ம குளத்துக்கு 6+4+2=12 அடி, 4+4+2=10 அடி. அப்போ 12க்கு 10 விரிப்பு. இந்தக் கணக்கு தெரியாம 8க்கு 6 வாங்கிட்டு வந்து, மறுபடி கடைக்கு ஓடுறவங்க நிறைய பேர். சிமெண்ட் தொட்டி கட்டினா உடனே மீன் விடாதீங்க. சுண்ணாம்புக் காரம் போற வரைக்கும் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, சில தடவை தண்ணியை மாத்தணும். அந்தத் தண்ணியும் கணக்குல வரும்.

ரெண்டாவது டப்பா, மாசச் செலவு. கோடையில ஒரு நாளைக்கு 7 மில்லிமீட்டர் தண்ணி ஆவியாகுதுன்னு வைங்க. 2.2 சதுர மீட்டருக்குச் சுமார் 15 லிட்டர், மாசம் 450 லிட்டருக்கு மேல. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போர் பல நூறு அடிக்குப் போயிடுச்சு. அங்க இந்த 450 லிட்டர் சும்மா வர்ற தண்ணி இல்ல. 20 வாட் சின்ன பம்பை நாள் முழுக்க ஓட விட்டா மாசம் 14 யூனிட்டு, ரெண்டு மாச பில்லுல 29 யூனிட்டு. பார்க்கச் சின்ன நம்பர்தான். ஆனா வீட்டுப் பில் ஏற்கெனவே 480 யூனிட்டுல நின்னா, இது 500ஐத் தாண்ட வைக்கும். தாண்டினா கட்டண அட்டவணையே மாறிடும்.

மூணாவது டப்பாதான் எல்லாரும் மறக்குறது: தேய்மானம். விரிப்பும் பம்பும் சேர்த்து 6,000 ரூபாய், நாலு வருஷம் உழைக்கும்னு வைங்க. மாசம் 125 ரூபாய் தனியா எடுத்து வைக்கணும். இதை எடுத்து வைக்காதவன் குளம்தான் நாலாவது வருஷம் குப்பைக் குழியாகுது. பைக், ஃபோன், ஏசி எல்லாத்துக்கும் இதே கதைதான்.

மொத்தம் 18,000 ரூபாய் ஆகும்னு ஒரு பேச்சுக்கு வைங்க. மாசம் 1,500 வீதம் ஒரு வருஷம் ஆர்டி போட்டா கையில காசு ரெடி. கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, பாக்கி வச்சா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போகும். எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்சூரன்ஸும் இல்லாதவங்க முதல்ல அதை முடிங்க. குளம் எங்கேயும் ஓடிடாது.

செலவே இல்லாத வழிகள்

பம்பே தேவைப்படாத மாதிரி திட்டம் போடுங்கங்கிறதுதான் என் கட்சி. மீனைக் குறைச்சு, செடியைக் கூட்டினா 2 அடி ஆழம் போதும். கப்பி, மோலி மாதிரி சின்ன மீன் பத்து இருபது விடுங்க. கொசுப் புழுவையும் அதுங்களே தின்னுடும். மீனே இல்லாம தண்ணி மட்டும் தேங்கி நின்னா டெங்குக் கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக் குடுத்த மாதிரி. கோய் மீன் அழகுதான், ஆனா 2 அடி வரைக்கும் வளரும். இந்தக் குளம் அதுக்குப் பத்தாது.

மரத்தடியில வெட்டாதீங்க, இலை விழுந்து தண்ணி கெடும். அரை நாள் வெயில் படுற இடம் நல்லது. சித்திரை, வைகாசியில குழி வெட்டிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருங்க. 300 சதுர அடிக் கூரையில 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 1,390 லிட்டர் கிடைக்கும். குளம் முழுக்க இலவசமா ரொம்பிடும். குழாய்த் தண்ணி ஊத்தினா குளோரின் போக ஒரு நாளாவது திறந்து வச்சுட்டு அப்புறம் மீன் விடுங்க. குளத்து ஓரத்தைத் தரையை விட நாலு விரல் உயர்த்துங்க. இல்லன்னா அடை மழையில வெளி மீனெல்லாம் வழிஞ்சு கண்மாய்க்குப் போயிடும். அது நாட்டு மீனுக்கு நல்லதில்ல. ஆகாயத்தாமரை ஓசியில கிடைச்சாலும் வேண்டாம். வலை போடுறது மீன்கொத்திக்கும் பூனைக்கும் மட்டும் இல்ல. வீட்டுல தவழுற குழந்தை இருந்தா 2 அடித் தண்ணியும் ஆபத்துதான். அந்த வீட்டுல குழந்தை வளர்ற வரைக்கும் குளமே வேண்டாம்னு சொல்லுவேன்.

எக்செல்ல வராத செலவு

இப்போ முக்கியமான விஷயம். நீங்க ஓசூர்ல. குளம் வடகாட்டுல. தினமும் தீனி போடுறது யாரு? பாசியை அள்ளுறது, மே மாசம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துறது யாரு? அம்மாதான், இல்லன்னா அப்பா. வருஷத்துல பத்து நாள் நீங்க பார்த்து ரசிக்க, மீதி 355 நாள் அவங்க வேலை செய்யணும். முழங்கால் வலியோட அறுபது வயசுல குனிஞ்சு வலையைத் தூக்குறவங்களோட உழைப்புக்கு நாம விலையே போடுறதில்ல.

நகரத்துல சம்பாதிச்சு ஊர்ல எதையாவது கட்டுற நம்ம தலைமுறை முழுக்க இதைத்தான் பண்ணுது. மாடித் தோட்டம், கோழிக் கூண்டு, நாய்க்குட்டின்னு காசு நம்மோடது, பாடு அவங்களோடது. அதனால குளத்தோட அளவைப் பட்ஜெட் வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. வீட்டுல இருக்குறவங்களால தினமும் பத்து நிமிஷத்துல எதைப் பார்த்துக்க முடியுமோ, அதுதான் சரியான அளவு. சில வீட்டுக்கு அது 6க்கு 4 குளம். சில வீட்டுக்கு ஒரு பழைய சிமெண்ட் தொட்டியும் அஞ்சு கப்பியும். சில வீட்டுக்கு எதுவுமே வேண்டாம். மூணுமே சரியான முடிவுதான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது விரிப்பு, பம்பு எதுவும் வாங்கிட்டுப் போகாதீங்க. ஒரு கயிறை எடுத்து, நினைக்கிற இடத்துல குளத்து அளவுக்குத் தரையில போட்டு வைங்க. ரெண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். நடக்க இடைஞ்சலா இருக்கா, வெயில் எப்படி விழுதுன்னு பாருங்க. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இது வேணுமா? பார்த்துக்க முடியுமா?"ன்னு கேளுங்க. அவங்க மனசார சரின்னு சொன்னா, அந்த மாசமே ஆர்டியை ஆரம்பிங்க.