இடிபாட்டின் மேல் ஒரு திடல்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுகள் தகர்த்த கிழக்கு லண்டன் வீடுகளின் செங்கல்லையும் காரையையும் கொட்டி மேடாக்கிய இடம் ஹேக்னி மார்ஷஸ். போர் முடிந்த கையோடு, 1946-47இல், அங்கே ஹேக்னி-லேட்டன் ஞாயிறு கால்பந்து லீக் பிறந்தது. வாரம் ஆறு நாள் உழைத்தவனுக்கு ஞாயிறுதானே ஓய்வு! ஆனால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமோ 1960 வரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அங்கீகரிக்கவே இல்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளங்கள் அங்கே ஒட்டி ஒட்டிக் கிடந்தன. ஒரு களத்தில் உதைத்த பந்து பக்கத்துக் களத்து ஆட்டத்துக்குள் உருண்டு போகும். பின்னாளில் புகழ்பெற்ற கால்பந்து வீரரான டேவிட் பெக்காம் சிறுவனாக ஆடிய புல்தரையும் இதுவே. அவரைச் சொல்லித்தான் இந்தத் திடலைப் பெருமைப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் தெரியாத தொழிலாளர்கள் சொந்தக் காசில் சந்தா கட்டி, சேற்றில் புரண்டு காப்பாற்றிய லீக் இது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது திடலின் கிழக்குப் பகுதி ஆடுகளங்களைப் பேருந்துகள் நிறுத்துமிடமாக்கினார்கள். உலக விளையாட்டு விழாவுக்காக உள்ளூர் விளையாட்டுத் திடலைப் பறித்தது, பிறகு திருப்பித் தந்தாலும், தவறுதான்.