கலைப்பள்ளிக்குக் காவலர் யார்?

“ஆடலும் பாடலும் கற்பிக்கும் பள்ளியை யார் ஆண்டால் நமக்கென்ன?” என்று நம் வாசகர்களுள் சிலர் புருவம் நெரிப்பார்கள். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால், பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு கல்விக்கூடத்தில், பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்மக்களுக்கு யார் பொறுப்பு என்று அதே கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கட்டும். அப்பொழுது அது மகளைப் பெற்ற ஒவ்வொரு வீட்டாருடைய கேள்வியும் ஆகிவிடும். கலை கூடுமா கூடாதா என்ற வழக்கை ஈண்டு நாம் எடுக்கவில்லை. அதிகாரத்தை ஏற்றவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட வழக்கு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை அறிந்தவர்களுக்கு அம்மண்ணின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். கரிசலில் பருத்தியும் கம்பும் மல்லியும் மழையை நம்பி நிற்கும். மழை பொய்த்தால் சீமைக்கருவேலம் மட்டும் செழிக்கும். நெசவுத் தறிகளின் ஓசையால் வாழ்ந்த ஊர் அருப்புக்கோட்டை. இந்த விருதுநகர் மாவட்டத்தையும் பக்கத்து இராமநாதபுரத்தையும் வளர்ச்சியில் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களின் பட்டியலில் ஒன்றிய அரசு 2018இல் சேர்த்தது. ஆயினும் கலையில் இம்மண் வறண்டதன்று. தேவராட்டத்தின் கால் அசைவும், ஒயிலாட்டத்தின் கைத்துணி வீச்சும், பங்குனி இரவுகளில் விடிய விடிய நடக்கும் இசை நாடகமும் இங்கே ஊர்தோறும் உண்டு. இங்கிருந்து ஒரு பெண் முறையாக நாட்டியமோ இசையோ பயில விரும்பினால் அவளுக்கு உள்ள வழிகளுள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, விருதுநகரிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளி. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ் தருவது. மற்றொன்று சென்னை. சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே அருப்புக்கோட்டை வழியாக ஓடும் விரைவு வண்டிக்குச் ‘சிலம்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! நீதி கேட்டுத் தலைநகருக்குப் போன ஒருத்தியின் காலணி அது என்பதைப் பெயரிட்ட அதிகாரிகள் நினைத்துத்தான் வைத்தார்களோ, அறியோம்.

சென்னை என்றதும் பெற்றோர் மனத்தில் முதலில் எழும் பெயர் கலாக்ஷேத்திரா. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் அதனைத் தோற்றுவித்தார். டைகர் வரதாச்சாரியாரும் மைசூர் வாசுதேவாச்சாரியாரும் அங்கே முதல்வர்களாய் வீற்றிருந்தனர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நாட்டியம் பயிற்றினார். நெசவுக்கும் அம்மையார் அங்கே இடமளித்தார் என்பது நம் அருப்புக்கோட்டை நெசவாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. பிற்காலத்தில் திருவான்மியூரில் மரங்கள் அடர்ந்த ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்பில் அது வேரூன்றியது. ஒரே அம்மையாரின் சொல்லே சட்டமாய் இருந்த காலம் அது. அதன் நிறைகளை நாம் மறுக்கவில்லை. ஒருவருடைய பண்பையே நம்பி நிற்கும் ஆட்சி அவர் இருக்கும்வரை சிறக்கும். 1986 பிப்ரவரியில் அவர் மறைந்தார். சிக்கல்கள் தொடர்ந்தன. முடிவில் நாடாளுமன்றம் 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்திரா அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றி, அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என அறிவித்து, ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது.

அச்சட்டம் ஓர் ஆட்சிக்குழுவையும், கல்விக்குழுவையும், நிதிக்குழுவையும், அன்றாடம் நடத்த ஓர் இயக்குநரையும் அமைத்துத் தந்தது. ஆட்சிக்குழுத் தலைவரையும் இயக்குநரையும் அமர்த்துவது ஒன்றிய அரசு. அவ்விருக்கைகளில் இதுகாறும் அமர்ந்தோர் யார் என்று பார்த்தால், ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள், பெருந்தொழில் நிறுவனங்களை நடத்தியவர்கள், மேடைகண்ட கலைஞர்கள் என்று பட்டியல் நீளும். தனித்தனியே பார்த்தால் மதிப்புக்குரியவர்களே. நாம் எழுப்பும் வினா வேறு: அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தோருள், தன் மகளை அங்கே விடுதியில் விட்டுவிட்டு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளித் தறியடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தந்தைக்காகப் பேசுவதற்கென்றே அமர்த்தப்பட்டவர் யார்?

அப்படி ஒருவர் இல்லாததன் விலை 2023இல் தெரிந்தது. மாணவியரிடம் ஆசிரியர் சிலர் தகாத முறையில் நடந்ததாகப் புகார்கள் கிளம்பின. நிறுவனத்தின் அகக் குழு ஆராய்ந்ததாகவும், புகாரில் உண்மையில்லை எனக் கண்டதாகவும் மார்ச் மாதத்தில் நிர்வாகம் அறிவித்தது. அதே மாத இறுதியில் மாணவியர் வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். கல்லூரி ஏப்ரல் 6 வரை மூடப்படுவதாகவும், விடுதியைக் காலி செய்ய வேண்டுமென்றும் அறிவிப்பு வந்தது. மாணவியர் அசையவில்லை. ஏறத்தாழ 90 பேர் மாநில மகளிர் ஆணையத்திடம் எழுத்தில் முறையிட்டனர். ஏப்ரல் 3ஆம் நாள், முன்னாள் மாணவி ஒருவரின் புகாரின்மேல் உதவிப் பேராசிரியர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. அதற்குப் பிறகே, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன், முன்னாள் காவல்துறைத் தலைவர் லத்திகா சரண், மருத்துவர் ஒருவர் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவை ஆட்சிக்குழு அமர்த்தியது. மாணவியர் உயர்நீதிமன்றப் படியும் ஏறினர்.

குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா அல்லரா என்று தீர்ப்பது நம் வேலையன்று. அது நீதிமன்றத்தின் வேலை. நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் கவனியுங்கள். புகார் எழுந்ததும் நிர்வாகம் முதலில் தன் பெயரைக் காத்தது. அடுத்துக் கதவை மூடியது. காவல்துறை வந்து நின்றபின்தான் வெளியாரை அழைத்தது. விடுதியைக் காலிசெய் என்ற அந்த ஒரு வரியை எழுதியவருக்கு, அது திருச்சுழியிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு என்ன பொருள் தரும் என்று தோன்றவில்லை. நகரத்துப் பிள்ளை பேருந்தேறி வீட்டுக்குப் போய்விடும். கரிசல் கிராமத்துப் பிள்ளை பெட்டியோடு எழும்பூர் நிலையத்தில் நிற்கும். ஊர் திரும்பியதும், “ஏனம்மா இடையில் வந்துவிட்டாய்?” என்று தெருவே கேட்கும். அக்கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் எத்தனையோ கல்விக்கூடங்களில் வாய்மூடி இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே வளாகத்தின் கூத்தம்பலத்தைப் புதுப்பித்த செலவு தணிக்கை ஆட்சேபத்துக்கு உள்ளாயிற்று. 2019இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கும் பதிந்தது. அவ்வழக்கின் தகுதியைப் பற்றி நாம் பேசவில்லை. செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கணக்குக் கேட்க வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் இருக்கிறார் என்பதைத்தான் சுட்டுகிறோம். அவரை நிர்வாகம் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். பிள்ளைகளின் முறையீட்டைக் கேட்பதற்கோ, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிர்வாகமே அமர்த்தும் அகக் குழு. அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மையே. அவரையும் அழைப்பவர் நிர்வாகியே அன்றோ? சுவருக்குக் கிடைத்த காவல் மகளுக்குக் கிடைக்கவில்லை.

“கலை என்பது குருபக்தியால் வருவது, அங்கே குழுவும் விதியும் நுழைந்தால் கலை கெடும்” என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். இவ்வாதம் பழமையானது. பாய்ஸ் கம்பெனிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அதன் முகம் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அது போன்ற கம்பெனிகளில் பத்து வயதுச் சிறுவர்கள் வீட்டைவிட்டு வந்து தங்கி ஆடலும் பாடலும் கற்றனர். டி.கே.எஸ். சகோதரர்கள் அவ்வாறு கற்று வந்தவர்களே. தமிழ் மேடைக்கும் திரைக்கும் அவை தந்த கொடை பெரிது. ஆனால், பொதுவாக அக்கம்பெனிகளில் பாடம் சொல்பவரும், சோறு போடுபவரும், வேடம் கொடுப்பவரும், தண்டிப்பவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். சிறுவன் யாரிடம் போய் முறையிடுவான்? நல்ல வாத்தியார் வாய்த்தவன் உயர்ந்தான். வாய்க்காதவன் இரவோடிரவாக ஓடிப்போனான். ஓடிப்போனவர்களின் பெயர்கள் எந்த நாடக வரலாற்றிலும் இல்லை. நூறாண்டு கழித்தும் ஆசிரியரே மதிப்பெண் இடுபவராகவும், மேடை வாய்ப்புத் தருபவராகவும், விடுதியின்மேல் செல்வாக்கு உடையவராகவும் இருந்தால், நாம் கம்பெனிக் காலத்தைக் கடந்தோம் என்று எப்படிச் சொல்வது?

குருவின் பெருமையை நாம் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டா. நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா சாகிபை நம் வாசகர் அறிவர். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999இல் மறைந்த அப்பெருமகன் தம் இல்லத்தையே பள்ளியாக்கினார். அவரிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானியும் அவர் துணைவியார் காலீஷாபி மகபூபும் 2020இல் பத்மஸ்ரீ பெற்றனர். நாதசுரத்தை ஒரு பெண், அதுவும் நம் சமுதாயத்துப் பெண், ஏந்தி அவ்வளவு உயரம் சென்றது ஒரு நல்ல குருவின் நிழலில் நடந்தது. ஆனால் அது ஒரு வீடு. அங்கே குருவின் குடும்பம் முழுவதும் மாணவரை அறியும். நூற்றுக்கணக்கானோர் பயிலும், அரசு மானியத்தில் நடக்கும், ஊழியர் அட்டவணையும் பதவி உயர்வும் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டின் பெயரைச் சூட்டி, வீட்டுக்குள் விசாரணை எதற்கு என்று கேட்பது சொல்லால் கண்கட்டுவது.

நம் ஊர்களில் ஜமாஅத் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முத்தவல்லி எவ்வளவு பெரிய செல்வராயினும், கணக்கு நோட்டு ஊரார் முன் வந்தாக வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தால் தெருமுனையில் நிற்கும் ஏழையும் எழுந்து கேட்பான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. பொறுப்பை அமானிதம் என்கிறோம். அமானிதம் வைத்தவன் கேட்கும்போது எடுத்துக்காட்டத் தெரியாதவன் அதனை ஏற்கத் தகுதியற்றவன். (எல்லா ஊர்களிலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்று குறும்பாகக் கேட்பவர்களுக்கு: நடக்காத ஊர்களில் என்ன கூச்சல் கிளம்புகிறது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.) அவ்வுரிமை திருவான்மியூரில் பிள்ளையை விட்ட பெற்றோருக்கு ஏன் இல்லை?

ஆட்சிக்குழுவில் வெளிமாவட்டப் பெற்றோர் ஒருவர், பெற்றோராலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு அமர வேண்டும் என்கிறோம். முறையீட்டைக் கேட்கும் குழுவை இயக்குநர் அமர்த்தக் கூடாது. மாவட்ட நீதிபதியோ மகளிர் ஆணையமோ அமர்த்தட்டும். மதிப்பெண் இடுபவருக்கு விடுதியில் எவ்வித அதிகாரமும் கூடாது. ஆண்டுதோறும் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்பதை, பெயர்களை மறைத்து, தமிழில் அச்சிட்டு, சேர்க்கைப் படிவத்தோடு பெற்றோர் கையில் தர வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. மனம் மட்டுமே வேண்டும். அதுதான் அங்கே பஞ்சம்.

கலையின் பக்கத்திலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. நகரத்துக் கலைப்பள்ளிகளின் உயர் இருக்கைகளில் பரதமும் கருநாடக இசையும் அறிந்தவர்களைக் காண்கிறோம். உறுமியின் சொற்கட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக அடிவைக்கும் தேவராட்ட ஆசானை விழாவுக்கு அழைப்பார்கள், மாலையிடுவார்கள், மறுநாள் பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எது பாடம், எது பொழுதுபோக்கு என்று தீர்மானிக்கும் கல்விக்குழுவில் அவருக்கு நாற்காலி கிடையாது. விருதுநகர் அரசு இசைப்பள்ளியின் ஏழு முதன்மைப் பாடங்களிலும் அம்மாவட்டத்தின் சொந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லையே! கரிசலில் பிறந்த பெண் நகரத்துக்கு வந்து, தன் ஊரின் அசைவு பாடத்திட்டத்தில் எங்குமில்லை என்று காணும்போதே பாதிக் குரலை இழந்துவிடுகிறாள். குரலிழந்தவள் பிறகு எதற்குத்தான் முறையிடுவாள்?

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருப்பது நேர்மையாகாது. நம் சமுதாயத்தார் நடத்தும் கல்லூரிகளும், பெண்கள் விடுதிகளும் தமிழகத்தில் பல. அவற்றின் ஆட்சிக்குழுக்களைப் பாருங்கள்: கொடையளித்தவர், அவர் மைந்தர், அவர் மருமகன், மரியாதைக்கு ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. அங்கே படிக்கும் பெண்ணின் தாய் ஒருத்திக்கு இடமளித்த குழுக்கள் எத்தனை? நாட்டியப் பள்ளியைப் பழித்து நாவை நனைத்துக்கொள்ளும் நம் பெரியோர்கள், தம் விடுதியில் ஒரு பெண் முறையிட விரும்பினால் யாரிடம் போவாள் என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லட்டும். தாளாளரின் பெயரைச் சொன்னால் போதாது. தாளாளரையே பற்றிய முறையீடாயின் யாரிடம் போவாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் பிளஸ் டூ முடித்த பெண்மக்களின் பெற்றோர் அடுத்த சேர்க்கைப் படிவத்தில் ஒப்பமிடுமுன், எந்தப் பள்ளியாயினும் எந்தக் கல்லூரியாயினும், இவ்விரண்டு பெயர்களையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.