விண்டோஸ் ஏற மறுக்கிறதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பிள்ளையின் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏற்றப் போய்ப் பாதியில் நின்றால் கலங்க வேண்டாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஏறவில்லை என்பதால் படங்களும் பாடங்களும் அழிந்துவிட்டதாகப் பொருளல்ல. திரையில் டெலிட், ஃபார்மட் என்று வரும் பொத்தான்களை அவசரப்பட்டுத் தொட்டால்தான் ஆபத்து. முதலில் அவற்றை வேறு வட்டுக்கு நகல் எடுங்கள். தெரியாவிட்டால் அதற்கு மட்டும் கடைக்காரரின் உதவியை நாடுங்கள்.

“இக்கணினிக்கு ஏற்றதல்ல” என்று வருகிறதா? 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. இடமும் வேண்டும். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல கணினிகளில் அது இருந்தும் அணைந்தே கிடக்கும். பயாஸ் பக்கத்தில் இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்பதை இயக்கிப் பாருங்கள். செயலியே மிகப் பழையது என்றால் வேறு வழி தேட வேண்டியதுதான்.

ஏறியது போலிருந்து மறுபடி முதல் திரையே வருகிறதா? கணினி மீண்டும் யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே தொடங்குகிறது. முதல் முறை அணைந்து எழும்போது குச்சியைக் கழற்றிவிடுங்கள். மீதி வேலையை வட்டிலிருந்தே அது முடித்துக்கொள்ளும்.

இவற்றைப் பார்த்த பிறகு பழுதுக்குக் கொடுங்கள். வீண் செலவு மிஞ்சும்.