பற்றரி றில் வாங்குமுன்

வளவுக்குத் திரும்பி வீடு கட்டும் குடும்பங்கள் பல, பற்றரி றில் ஒன்று சொந்தமாக வேண்டுமென நினைக்கின்றன. நல்லதே. ஆனால் கடன்பட்டு வாங்கும் கருவி, அந்தக் கடனை உழைத்துத் தரவேண்டும்.

கதவுப் பிணைச்சல், தட்டு பூட்டுதல் போன்ற வீட்டு வேலைக்கு 12 வோல்ற் போதும். தச்சுவேலையால் பிழைப்போருக்கு 18 வோல்ற் வேண்டும். பெட்டியில் 20 வோல்ற் என்றிருந்தால் மயங்காதீர்கள். ஐந்து லிதியம் கலங்கள் முழுதாகச் சார்ஜ் ஏறியதும் காட்டும் அளவே அது. வேலையில் அதுவும் 18 தான். சீமெந்துச் சுவரைத் துளைக்க, சுத்தியல்போல் அடித்துத் துளைக்கும் வசதி அவசியம்.

ஒரு கம்பனியின் பற்றரி பெரும்பாலும் மற்றக் கம்பனியின் கருவிக்குப் பொருந்தாது. ஆகவே மாற்றுப் பற்றரி பக்கத்து நகரில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மின்சாரம் உள்ள வீட்டுக்கு வயருள்ள றில்லே மலிவு. அதில் பழுதாகப் பற்றரியும் இல்லை.

ஆண்டில் சில நாளே தேவைப்படும் கருவிக்காக விதைநெற் காசைத் தொடவேண்டாம். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, இரண்டு பற்றரியுடன் நல்ல கருவி ஒன்றை வாங்கலாம். யாரிடம் எத்தனை நாள், பழுதானால் யார் செலவு என்பதை வாங்குமுன்பே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கருவியும் நிலைக்கும், அயலுறவும் நிலைக்கும்.