ஆட்டக்காரரின் வாய்ப்பூட்டு

பந்தாட்டக்காரர் ஒருவர், தாம் தம் பாலைச் சேர்ந்தவரையே காதலிக்கும் இயல்பினர் என்று ஊரறியச் சொன்னால், உடனே நம்மவரிற் சிலர், “அவர் யாரைக் காதலித்தால் நமக்கென்ன? ஆட வந்தவர் ஆடிவிட்டுப் போக வேண்டியதுதானே? வீட்டு விவகாரத்தை வீதிக்குக் கொண்டு வருவானேன்?” என்று கேட்கின்றனர். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நியாயம் போலவே தோன்றும். ஆனால் இந்த நியாயம் எல்லார்க்கும் ஒரே படியால் அளக்கப்படுகின்றதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

வெற்றிக் கோப்பையை ஏந்திய ஆட்டக்காரர், அரங்கிலிருந்து ஓடிவரும் மனைவியை அணைத்து முத்தமிடுகிறார். பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போடுகின்றன. அவர் திருமணத்துக்குப் பக்கம் பக்கமாய் இடம் தருகின்றன. பிள்ளை பிறந்தால் உலகமே வாழ்த்துகிறது. அப்போது “வீட்டு விவகாரம்” என்று ஒருவரும் முணுமுணுத்ததில்லையே! மனைவியைக் காட்டுவது மங்கலம், தோழனைக் காட்டுவது விளம்பரமா? இது என்ன நீதி?

நிற்க, இவ்வாய்ப்பூட்டின் விலை யாது என்பதை அறிய ஜஸ்டின் ஃபஷானு என்னும் கறுப்பினத்தவரின் வரலாறு ஒன்றே போதும். 1961இல் லண்டனில் பிறந்து, அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் விடப்பட்டு, வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர் அவர். 1980இல் நாரிச் அணிக்காக லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோல், அப்பருவத்தின் தலைசிறந்த கோலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி பத்து லட்சம் பவுன் கொடுத்து அவரை வாங்கிற்று. அத்தொகைக்கு விலைபோன முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவரே.

அவர் தன்பாலீர்ப்புடையோர் கூடும் விடுதிகளுக்குப் போகிறார் என்று அறிந்த மேலாளர் பிரையன் கிளஃப், அவரை இழித்துப் பேசியதைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் தாமே எழுதிவைத்தார். ஃபஷானுவை அணியோடு பயிற்சி செய்யவும் விடவில்லை. 1982இல் பத்து லட்சத்து ஆட்டக்காரர் ஒன்றரை லட்சத்துக்கு விற்கப்பட்டார். 1990இல் அவர் உண்மையை வெளியிட்டபோது, அவர் தம்பியும் புகழ்பெற்ற ஆட்டக்காரருமான ஜான் ஃபஷானு, பத்திரிகை வாயிலாகவே அவரைத் தள்ளிவைத்தார். பல்லாண்டு கழித்து அத்தம்பி வருந்தினார். வருத்தம் வந்து சேர்ந்தபோது அண்ணன் இல்லை.

1998 மே மாதம் ஃபஷானு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அமெரிக்காவில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பலாத்காரக் குற்றம் சாட்டியிருந்தார் என்பதையும், அதைத் தம் கடைசிக் கடிதத்தில் அவர் மறுத்தார் என்பதையும் நாம் மறைக்கவில்லை. விசாரணைக்கு வராத அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் யார்? ஆனால் அக்குற்றச்சாட்டு எழுவதற்கு நெடுநாள் முன்னரே, குற்றம் ஏதும் செய்யாதபோதே, அவரை அணியும் உறவும் கைவிட்டன என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

அதன் விளைவு யாது? 1990க்குப் பின் இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டத்தில் இருந்துகொண்டே இன்னோர் ஆடவர் தம் இயல்பை வெளியிடுவதற்கு 2022 மே வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அவர் பிளாக்பூல் அணியின் பதினேழு வயதுச் சிறுவர் ஜேக் டேனியல்ஸ். இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடினரே, அவர்களுள் ஒருவர்கூட இவ்வியல்பினர் இல்லையா? இருந்தனர், அஞ்சினர். ஃபஷானுவின் கதியே அவர்களுக்குப் பாடமாயிற்று.

டேனியல்ஸுக்குத் துணிவு தந்தவருள் ஒருவர், 2021 அக்டோபரில் தம் இயல்பை வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஜாஷ் கவாலோ. ஒரு வீழ்ச்சி பலர் வாயை அடைத்தது. ஒரு துணிவு மற்றொரு வாயைத் திறந்தது. “ஊரறியச் சொல்வதால் என்ன பயன்?” என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ? ஆட்டம் கெடும் என்பாரும் ஒன்று கேட்கட்டும்: தம் தாயிடமும் தமக்கையிடமும் உண்மையைச் சொன்ன மறுநாளே டேனியல்ஸ் ஓர் ஆட்டத்தில் நான்கு கோல் அடித்ததாகத் தாமே கூறினார். மனச்சுமை இறங்கினால் கால் விரைகின்றது.

இனி, “இதெல்லாம் மேனாட்டுப் பழக்கம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது” என்னும் கூக்குரலுக்கு வருவோம். நெசவாளர் மகளாய் ஒடிசாவின் சாக்கா கோபால்பூர் கிராமத்தில் பிறந்த ஓட்டக்காரி டூட்டி சந்த், தம் ஊர்ப் பெண் ஒருத்தியையே காதலிப்பதாக 2019 மே மாதம் அறிவித்தார். வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பு மூண்டது. இரண்டே மாதத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், உலகப் பல்கலைக்கழக விளையாட்டில், 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவருக்கு இக்காதலை எந்த மேனாட்டார் கப்பலேற்றி அனுப்பினர்?

கப்பலேறி வந்தது சட்டமே! 1860இல் இந்தியாவுக்கு 377ஆம் பிரிவை எழுதியவர் வெள்ளையர். சிங்கப்பூருக்கு 1938இல் 377ஏ பிரிவைச் சேர்த்தவரும் அவரே. தம் நாட்டில் 1967இல் அவர்கள் அத்தகைய சட்டத்தைத் தளர்த்தினர். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் விலங்கை உடைத்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் அப்பிரிவை நீக்கிற்று. மலேசியாவில் அவ்வகைச் சட்டம் இன்றும் நிற்கின்றது. வெள்ளையன் விட்டுச்சென்ற பிரம்பை நம் பாட்டன் சொத்தென்று போற்றுவதோ பண்பாடு?

தோழர்களே! சட்டமும் சமூகமும் தண்டிக்குமிடத்தில் ஒருவர் வாய் திறக்காதிருந்தால் அவரைக் கோழை என்று நாம் சொல்லோம். பேசுவதும் பேசாதிருப்பதும் அவர் உரிமை. நம் கடமையோ வேறு. தோட்டத்து மைதானத்தில் ஒருவன் பந்தைத் தவறவிட்டால், “பொட்டை” என்று ஏசுகின்றோமே, அச்சொல்லை நாமும் சொல்லியிருக்கின்றோம். அது பெண்ணையும் பழிக்கின்றது, திருநங்கையையும் பழிக்கின்றது. அதைக் கேட்டுக்கொண்டே கோட்டோரத்தில் நிற்கும் ஒரு சிறுவன், தன் நெஞ்சிலுள்ளதை இனி எவரிடமும் சொல்லலாகாது என்று அன்றே தீர்மானித்துக்கொள்கிறான். அவன் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கூலிக்காரன் என்று பிறர் நம்மை ஏசியபோது நெஞ்சு கொதித்தவர் நாம். பிறவியைக் காட்டி மனிதனை இழிப்பது எவ்வளவு கொடிது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆதலின் அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போகும்போது அந்த ஒரு சொல்லை வீட்டிலேயே விட்டுச் செல்வோம். ஆட்டக்காரர் வாயிலுள்ள பூட்டின் சாவி நம் வாயில்தான் இருக்கின்றது.